வெயில்கரை, நிழல்கரை, நடுவில் குன்வோர்

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றைக் கற்பித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் முதல் வரியிலேயே பொய் சொன்னால் கடைசி வரியில் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள், வாசகரே.

உள்ளூராட்சிச் சபைக் கட்டடத்தின் கதவு திறந்திருந்தது. கோப்பி இலவசம். பொதுமக்கள் உட்காரும் வாங்குகளில் ஒருவரும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். அப்போது உறுப்பினர்களில் ஒருத்தி எழுந்து, தன்னைத் தயவுசெய்து இந்தப் பதவியிலிருந்து விட்டுவிடும்படி கேட்டாள். சபை கொஞ்சம் யோசித்தது. பிறகு முடியாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

பதவிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் நாட்டிலிருந்து வந்தவன் நான். பதவி வேண்டாம் என்று ஒருத்தி கெஞ்சுவதையும், பதவி அவளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பதையும் அன்றுதான் பார்த்தேன். மழை விட்டதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

2

ஊரின் பெயர் ஸ்கோர்தால், நோர்வேயில் இருக்கிறது. உண்மையான பெயர் அதுவல்ல, வரைபடத்தில் தேடி மினக்கெடாதீர்கள்.

முதல் தொடக்கம்: "வடக்கே பனி மூடிய மலைகளும், தெற்கே—"

இதைக் கைவிட்டேன். திசை சொல்லத் தொடங்கினால் கதை புவியியல் பாடமாகிவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநான்காம் ஆண்டு தலைநகரத்துக் குழு ஒன்று—"

இதையும் கைவிட்டேன். ஆனால் இதில் கொஞ்சம் உங்களுக்குத் தேவைப்படும். மலைகளுக்கு நடுவில் நீளமாக உள்ளே புகுந்த கடல். அதற்கு இரண்டு கரைகள். ஒன்றில் வெயில் தாராளமாக விழும். மற்றதில் கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் மாசியில்தான் எட்டிப் பார்க்கும். ஆகவே வெயில்கரை, நிழல்கரை. இரண்டுக்கும் தனித்தனிச் சபைகள் இருந்தன. தலைநகரத்துக்காரர்கள் மேசையில் படத்தை விரித்து, ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கரைகளுக்கு ஒரு சபை போதாதா என்று சேர்த்து வைத்துவிட்டார்கள். அன்று நடந்த கலியாணம்தான், இன்றுவரை மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

சபைக் கட்டடம் வெயில்கரைக்குப் போனது. ஈடாக முதியோர் இல்லம் நிழல்கரைக்கு. நூலகம் இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்று பெட்டி கட்டிக்கொண்டு அலைகிறது. சபைக்குச் சின்னம் வரையும்போது நீர்க்காகம் ஒன்றை வரைந்தார்கள். அது எந்தக் கரையைப் பார்ப்பது என்று தகராறு வந்தது. கடைசியில் மூன்று மீன்களை மூக்கு மேலே இருக்க நிமிர்த்தி வைத்தார்கள். அவை வானத்தைப் பார்க்கின்றன. வானத்துக்குச் சபையில் உறுப்பினர் யாரும் இல்லை.

பாலம் கட்டுவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள். இன்னும் படகுதான் ஓடுகிறது.

(நான் எந்தக் கரையில் வசிக்கிறேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன், சொன்னால் நீங்கள் இந்தக் கதையை நம்பமாட்டீர்கள்.)

3

அந்தப் படகில், கார்கள் நிற்கும் தட்டுக்கு மேலே, பயணிகள் உட்காரும் அறையில் ஒரு சிறிய கவுண்டர் இருக்கிறது. அதன் பின்னால் குன்வோர். தடித்த அப்பம் மாதிரி ஸ்வேலெ என்று ஒன்று சுட்டு, வெண்ணெயும் சீனியும் தடவி, இரண்டாக மடித்துத் தாளில் வைத்துக் கொடுப்பாள். முப்பது வருடமாக இதுதான் வேலை. இரண்டு கரையிலும் அவள் கையால் தின்னாதவர் கிடையாது.

என் முதல் பிரதியில் "குன்வோர் அன்பானவள்" என்று எழுதியிருந்தேன். பிறகு வெட்டினேன். சீட்டாட்டத்தில் களவு செய்கிறவள், பூனைகளைக் கண்டால் கலைத்துத் துரத்துகிறவள், அவளை அன்பானவள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் யாரோடும் முரண்படாதவள், அவ்வளவுதான். அன்பும் அதுவும் வேறு வேறு என்பது எனக்கே இந்தக் கதையை எழுதும்போதுதான் விளங்கியது.

வெயில்கரைக்காரன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நிழல்கரையைத் திட்டுவான். அவள் ஆமோதித்து ஓம் என்பாள், இந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வது போல மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.* திரும்பி வரும்போது நிழல்கரைக்காரி வெயில்கரையைத் திட்டுவாள். அதற்கும் ஓம். அவரவருக்குத் தோதாக அந்த மூச்சை அர்த்தப்படுத்திக்கொண்டார்கள். குன்வோர் எங்கட ஆள் என்று இரண்டு கரையும் உறுதியாக நம்பியது.

* இவர்கள் நோர்வே மொழியில் பேசியதை நான் யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுகிறேன். என் வாயில் வருவது அதுதான். குன்வோரிடம் இதைச் சொன்னபோது, அவள் பேச்சை வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, தான் இவ்வளவு வேகமாகக் கதைப்பதில்லை என்றாள்.

4

இனிக் குற்றவாளி. அவர் பெயர் ஒட்முண்ட், தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். இரண்டு கரையும் சேர்ந்து வாழவேண்டும் என்று ஒரு வேட்பாளர் பட்டியல் தொடங்கி, அதற்கு ஒற்றுமைப் பட்டியல் என்று பெயரும் வைத்து, ஒவ்வொரு தேர்தலிலும் கேவலமாகத் தோற்பார். பட்டியலில் குறைந்தது ஏழு பெயர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த முறை அவரிடம் ஆறு பெயர்தான் இருந்தது. படகில் ஏறி, ஒரு ஸ்வேலெ வாங்கி, அதைத் தின்று முடிக்கும்வரை தயங்கிக்கொண்டே நின்றார்.

"ஒரு பேர் குறையுது, குன்வோர். உன்ர பேரை அடியில போட்டுவிடுறன். நீ வெல்லவே மாட்டாய், அதுக்கு நான் பொறுப்பு."

"வெல்லாட்டிச் சரி," என்றாள் அவள். முரண்படாதவள் வேறு என்ன சொல்வாள்.

இந்த நாட்டு உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு வசதி உண்டு. நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டாலும், வேறு பட்டியலில் இருக்கும் உங்களுக்குப் பிடித்த ஒருவரின் பெயரையும் சீட்டில் எழுதலாம். வாக்களிக்கப் போன ஒவ்வொருவரும் பட்டியலின் அடியில் குன்வோரின் பெயரைப் பார்த்தார்கள். ஐயோ பாவம், ஒரு வாக்கும் விழாமல் போனால் நாளைக்கு எப்படி எங்கள் முகத்தைப் பார்த்து ஸ்வேலெ தருவாள் என்று நினைத்தார்கள். ஆறுதலுக்கு ஒன்று என்று அவள் பெயரை எழுதிவிட்டு வந்தார்கள். இந்த நல்ல காரியத்தைத் தான் ஒருவர் மட்டுமே செய்வதாக ஒவ்வொருவருக்கும் எண்ணம். வெளியில் சொல்லவும் இல்லை. உதவி செய்ததைச் சொல்லிக்காட்டுவது இங்கே பெரிய அவமானம்.

எண்ணி முடித்தபோது ஊரிலேயே அதிக வாக்கு அவளுக்கு. ஒட்முண்டுக்கு அவருடைய மனைவிகூடப் போடவில்லை என்று தெரிந்தது. அவளும் குன்வோரின் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள்.

பட்டியலில் பெயர் இருந்து, மக்கள் தெரிவு செய்துவிட்டால், நான்கு வருடம் இருந்தே ஆகவேண்டும். விருப்பமில்லை என்பது ஒரு காரணமே அல்ல.

5

(இந்த எண்ணில் ஒரு காதல் கதை இருந்தது. ஒட்முண்ட் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன்.)

6

மூன்று மாதம் அவள் சபையில் சும்மா இருந்தாள். தெருவிளக்கு, நாய்க்கு வரி, பனி தள்ளும் வண்டி எந்தக் கரையில் முதலில் தொடங்குவது என்று அற்பசொற்ப விஷயங்கள்தான் வந்தன. பிறகு பள்ளிக்கூடம் வந்தது.

இரண்டு கரையிலும் இரண்டு பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஒன்றை மூடவேண்டும். எதை என்பதுதான் கேள்வி. சபையில் பதினேழு பேர். எட்டுப் பேர் வெயில்கரைப் பள்ளியை மூடு என்றார்கள், எட்டுப் பேர் நிழல்கரைப் பள்ளியை மூடு என்றார்கள். எல்லோரும் திரும்பிக் குன்வோரைப் பார்த்தார்கள்.

அன்றுதான் அவள் எழுந்து தன்னை விட்டுவிடச் சொன்னாள், அன்றுதான் நான் மழைக்கு ஒதுங்கினேன். ஏகமனதாக மறுத்தது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும். அவள் வீடு வெயில்கரையில், ஆகவே அவள் தங்கள் ஆள் என்று வெயில்கரை நினைத்தது. அவள் தங்கை ஓஷில்ட் வாழ்க்கைப்பட்டது நிழல்கரையில், தங்கையின் மகளின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், ஆகவே தங்கள் ஆள் என்று நிழல்கரை நினைத்தது. கரைகள் சேர்ந்த நாளிலிருந்து சபையில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான் என்று ஒட்முண்ட் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்குப் போனது. வாக்களிக்காமல் இருக்கவும் வழியில்லை. அறைக்குள் இருக்கிற உறுப்பினர் ஏதாவது ஒரு பக்கம் வாக்களித்தே ஆகவேண்டும்.

7

குன்வோர் பயந்தாள். இதை நான் நேரடியாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவள் யாருக்கும் காட்டவில்லை. முப்பது வருடமாக இரண்டு கரைக்கும் நடுவில், யாருக்கும் வேண்டாதவளாகாமல் மிதந்துகொண்டிருந்தவள். இனி ஒரு கரை போய்விடும். எது என்பதை அவளே தன் கையால் தெரிவு செய்யவேண்டும்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஓஷில்ட் படகில் ஏறினாள். அவளுக்கு மறுகரையில் ஒரு வேலையும் இல்லை. ஒன்றும் வாங்கவும் இல்லை. கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று, நாளைக்கு யோசிச்சு வாக்குப்போடு என்று மட்டும் சொன்னாள். உங்கள் கரைப் பள்ளிக்கூடத்தை மூடினால் கோபிப்பாயா என்று குன்வோர் கேட்டாள். அப்படி நேரடியாக அவள் எதையும் கேட்டு ஓஷில்ட் பார்த்ததில்லை.

"கதைக்காமல் விடமாட்டன், அக்கா," என்றாள் ஓஷில்ட். "கிறிஸ்மஸுக்கு வருவன், நீயும் வருவாய். ஆனால் நாங்கள் கதைக்கிற நேரமெல்லாம் அது எங்களுக்கு நடுவில இருக்கும்."

படகு கரையை அடைந்தது. ஓஷில்ட் இறங்காமல் அதே படகிலேயே திரும்பிப் போனாள்.

8

இனி முடிவு. கூட்டம் நடக்கும் முன்பே என்னிடம் மூன்று இருந்தன. எழுதியவுடன் ஒவ்வொன்றாகப் படகுக்குக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: கூட்ட நாளில் கடும் மூடுபனி. படகு ஓடவில்லை. குன்வோர் நடுக்கடலில்—

அவள் வாசிக்கவிடவில்லை. மூடுபனி என்றால் கூட்டத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான், உனக்கு இங்கே இத்தனை வருடம் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

முடிவு இரண்டு: அவள் ஸ்பெயினுக்குக் குடிபோகிறாள். ஊரை விட்டுப் போனவருக்குச் சபையில் இடம் இல்லை. வெயில், கடற்கரை, சட்டப்படி விடுதலை.

"அங்கை போய் ஆருக்குச் சுடுறது?" என்று கேட்டாள். அந்தத் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முடிவு மூன்று: குன்வோர் எழுந்து ஒரு உரை ஆற்றுகிறாள். இரண்டு கரையும் கண்ணீர் விடுகிறது. இரண்டு பள்ளியும் பிழைக்கின்றன. (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது.)

இதைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததைப் புரட்டிப்போட்டாள். பிறகு, என் மூன்று முடிவிலும் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"எந்தக் கரைப் பள்ளிக்கூடத்தை மூடினாலும், அந்தப் பிள்ளையள் காலமை ஏறப்போறது என்ர படகிலதான். நீ அதை யோசிக்கேல்லை. நான் வேற ஒண்டையும் யோசிக்கேல்லை."

9

வியாழக்கிழமை கூட்டம். வாங்குகள் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். சபைத் தலைவர் பள்ளி மூடும் பிரேரணையை வாசித்தார். ஏற்கிறவர்கள் அப்படியே இருக்கலாம், எதிர்க்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். எட்டுக் கைகள் உயர்ந்தன. குன்வோரின் கை—

இதற்கு மேல் எழுதமாட்டேன். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும். சொன்னால் அந்த நொடியிலேயே நீங்களும் ஒரு கரைக்காரராகிவிடுவீர்கள். சரியாகச் செய்தாள் என்பீர்கள், அல்லது அநியாயம் என்பீர்கள். அதோடு அவளைப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். அதை நான் விரும்பவில்லை.

எதையும் தீர்மானிக்கத் தெரியாதவள் தீர்மானித்தாள். ஒரு பக்கம் கைதட்டியது, மறுபக்கம் நாற்காலிகளை இழுத்துத் தள்ளிவிட்டு எழுந்து போனது. அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

10

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை. ஒரு கரையின் பிள்ளைகள் முதுகில் பைகளோடு படகில் ஏறினார்கள். பெரிய பிள்ளைகள் யன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முதலாம் வகுப்புக்குப் போகும் முதல் நாள் என்பதால் புது மழைச்சட்டை போட்டிருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் நேரே கவுண்டருக்கு வந்தாள். எட்டிப் பார்க்க உயரம் போதவில்லை. குதிக்காலை உயர்த்தி நின்று கேட்டாள்:

"நீங்கள்தானே எங்கட பள்ளிக்கூடத்தை மூடினது?"

அறையில் எல்லோருக்கும் கேட்டது. நானும் அங்கே இருந்தேன், கோப்பியோடு. பதினேழு பேர் வாக்களித்த விஷயம் அது என்று குன்வோர் சொல்லியிருக்கலாம். சட்டம் என்று சொல்லியிருக்கலாம். ஒட்முண்டைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அவரும் அன்று படகில்தான் இருந்தார்.

குன்வோர் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"நான்தான்," என்றாள்.

குன்வோர் கவுண்டரிலிருந்து சூடான ஸ்வேலெ ஒன்றை எடுத்து மடித்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பிள்ளை யன்னலோரம் போய்விட்டாள். குன்வோர் உள்ளே போய் அதைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததற்கு மாவை ஊற்றினாள்.

அந்தப் பெண் எந்தக் கரையில் ஏறினாள் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன், வாசகரே. உங்களுக்குப் பிடித்த கரையைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கரையானாலும் அவளுக்கு இன்னும் ஏழு வருடம் பள்ளி இருக்கிறது, நாளைக் காலையும் இதே படகில்தான் வருவாள்.