ஆளில்லாத எழுபத்தொன்று

பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கவரை, சமையல் முடித்து, கை கழுவித் துடைத்து, அதற்குப் பிறகுதான் பிரிப்பது சுலோச்சனாவின் வழக்கம். அன்றைக்கு வாசலில் நின்றபடியே கிழித்தாள். கடைசி வருஷ மார்க் கார்டு. ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தைந்து என்று விரல் கீழே இறங்கியது. ஐந்தாவது பேப்பர் ஐரோப்பிய வரலாறு. அதற்கு நேராக மார்க்கே இல்லை. ‘ஆப்சென்ட்’ என்று டைப் அடித்திருந்தார்கள். ஆறாவதில் ஐம்பத்துமூன்று வாங்கி என்ன, அடியில் ஃபெயில் என்று இருந்தது. உள்ளே குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் அவள் கால் நகரவில்லை.

பரீட்சைக்கு வராதவளா அவள்! பிரெஞ்சுப் புரட்சிக்கு மட்டும் ஏழு பக்கம் எழுதிவிட்டு, விரலில் மை காயாமல் ரயிலேறியவள். சங்கதி கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு மங்கம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“எவன் சொன்னான் நீ போவலன்னு? ரயிலுக்கு எலுமிச்ச சாதம் கட்டிக் குடுத்ததே நானு. வா, நானே வந்து சாட்சி சொல்றேன்!”

தபால் படிப்பு என்றால் ஸ்கெலட்டன் என்ற அந்தத் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் பலருக்கும் இளக்காரம். வீட்டில் உட்கார்ந்த இடத்தில் தபால்காரர் பட்டம் கொண்டுவந்து கொடுப்பார் என்று நினைப்பு. மூன்று வருஷம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மாதம் ஒரு கட்டுப் பாடம் வரும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகள் இருக்கும். விடை எழுதித் தபாலில் அனுப்பினால், முகம் தெரியாத யாரோ ஒரு வாத்தியார் சிவப்பு மையில் திருத்தி, மூலையில் ‘பி பிளஸ்’ என்று போட்டுத் திருப்பி அனுப்புவார். ஒரு முறை ‘ஏ’ வந்தபோது அவள் அதைத் தலையணை அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஆனால் அந்த மார்க் எதுவும் முடிவில் சேராது. ஏப்ரலில் ஹாலில் உட்கார்ந்து எழுதும் ஆறு பேப்பர்தான் எல்லாம். ஒன்றில் முப்பத்தைந்துக்குக் குறைந்தாலும் பட்டம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நாலு வருஷமாக அவளுக்குத் தற்காலிக வேலை. ஜூன் முடிவதற்குள் பி.ஏ. என்று காகிதம் கொண்டுவந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லியாகிவிட்டது. ஜூன் முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

மைசூர் மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த அவள் புருஷன் ஆனந்தன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வுடு சுலோச்சனா. அடுத்த வருஷம் எழுதினா போச்சு. இன்னா இப்ப?” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம்.

“அதுவரிக்கும் அந்த வேல எனக்காவ காத்துனு கெடக்குமா?” என்று சீறினாள். அவன் இருமிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான்.

அந்த இருமலுக்கு மருந்து வாங்கத்தான் மறுநாள் சுரங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பவுண்டர் தலை நிமிராமல், “நம்பர்?” என்றார். “ஏழாயிரத்து நூத்தி நாப்பத்திமூணு” என்றாள். அது ஆனந்தனின் வேலை நம்பர். ரேஷனுக்கும் அதுதான், குவார்ட்டர்ஸுக்கும் அதுதான், அவள் பிள்ளை பெற்றபோது கட்டிலில் தொங்கிய சீட்டிலும் அதுதான். அங்கே எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பி நம்பர் கேட்டாலும் புருஷன் நம்பர்தான் வாயில் வரும். ஏப்ரலில் ஆனந்தன் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் கவுண்டர் கவுண்டராக அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் அவன் வேலைக்கு இறங்கிய காலையில்தான் ஐரோப்பிய வரலாறு. ஹாலில் சூப்பர்வைசர் விடைத்தாளை நீட்டி, “நம்பர் எழுதுங்க” என்றார்.

தன் பரீட்சை நம்பருக்குப் பதில் அன்றைக்கும் இதையேதான் எழுதினோம் என்று சுலோச்சனாவுக்கு இப்போதுதான் உறைத்தது. மருந்து பாட்டிலைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். தன் கையே தனக்குச் செய்த காரியம் என்று தெரிந்தபோது முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய்ப் பிடிவாதம் வந்தது. எழுதியது எழுதியதுதானே? அந்தத் தாள் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்?

அடுத்த நாள் கோரமண்டல் ஸ்டேஷனில் முதல் ரயிலைப் பிடித்தாள். மங்கம்மாவைச் சாட்சிக்கு அழைத்துப் போகவில்லை. பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவில் சூப்பிரண்டெண்ட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்து, நாற்காலியைக் காட்டி, “குத்கொள்ளி அம்மா” என்றார். அவள் கன்னடத்தில் ஆரம்பித்தாள். பதற்றத்தில் பாதி தமிழாக வந்தது. அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

“தப்பா எந்த நம்பர் எழுதினீங்க?”

“ஏழு ஒண்ணு நாலு மூணு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எதிர் மேஜைக் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“அந்த நம்பர் யாருதம்மா?”

“எங்க வீட்டுக்காரருது. கோல்டு மைன்ஸ்ல அவரு வேல நம்பர்.”

“அவர் பரீட்சை எழுதினாரா?”

“அவரு அன்னைக்கு மூவாயிரம் அடிக்குக் கீழ இருந்தாருங்க.”

சூப்பிரண்டெண்ட் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். விடைத்தாளிலிருந்து நம்பர் எழுதிய துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, ரகசியக் குறி ஒன்று போட்டுத்தான் திருத்த அனுப்புவார்கள். திருத்துபவருக்கு யார் தாள் என்று தெரியாது. மார்க் வந்தபின் துண்டோடு சேர்த்துப் பார்த்தபோது, ஒரு தாளுக்கு மட்டும் ஆளே இல்லை. “ஒரு மாசமா தேடறோம். சும்மா முப்பது நாப்பதுன்னா ஓரமா வெச்சிருப்போம். அந்த பேப்பர்லயே பெரிய மார்க் அது. எழுபத்தொண்ணு.”

சுலோச்சனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

ஆனால் சும்மா கொடுத்துவிடுவார்களா? ஹாலில் அவள் கையெழுத்துப் போட்ட வருகைத்தாள் வந்தது. விடைத்தாள் வந்தது. எழுத்தை ஒப்பிட, மார்க்கில் சேரவே சேராது என்றிருந்த தபால் விடைகளில் திருப்பி அனுப்பாமல் விட்டுப்போன இரண்டைக் கோப்பிலிருந்து எடுத்து வைத்தார்கள். மூன்று அதிகாரிகள் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். நடந்ததை அங்கேயே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினாள். நடுவில், “தப்பு உங்களுதுதான்” என்றார் ஓர் அதிகாரி.

“நம்பர் தப்பு என்னுது சார். ஒத்துக்கறேன். விடையும் என்னுதுதான். அத வேற யாருக்கும் குடுக்க முடியாது” என்றாள். இப்படிப் பேசத் தனக்கு வருமென்று அவளுக்கே அதுவரை தெரியாது.

பெரிய அதிகாரி பேனாவைத் திறந்து, ரிஜிஸ்டரில் ‘ஆப்சென்ட்’டை அடித்து, மேலே எழுபத்தொன்று போட்டுக் கையெழுத்திட்டார். கூட்டினால் அறுநூறுக்கு முந்நூற்று நாற்பத்தெட்டு. செகண்ட் கிளாஸ். கிளார்க் புது மார்க் கார்டை டைப் அடித்து முத்திரை குத்தும்வரை அவள் உட்காரவே இல்லை.

ரயிலில் அந்தத் தாளை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்று கணக்கில்லை. கோரமண்டலில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாக மைசூர் மைன்ஸ் பக்கம் திரும்பியது. ஷிப்ட் விடும் நேரம். சுரங்க வாசலுக்குப் பெண்கள் வருவதில்லை. கீழே பாறை வெடித்துச் சரிந்தால்தான் தலைவிரிகோலமாக ஓடி வருவார்கள். அதனால் கேட்டுக்கு வெளியே சேலையைக் கண்டதும் வெளியே வந்த ஆட்கள் திகைத்து நின்றார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆனந்தன் ஓடி வந்தான். முகமெல்லாம் சேறு, கண் மட்டும் வெள்ளை.

“இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. பாஸாயிட்டேன். அந்த பேப்பர்ல எழுபத்தொண்ணு. நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை நீட்டினான். கை முழுக்கச் சேறு. சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பிறகு திரும்பி, “டேய், இங்க வாங்கடா! எம் பொஞ்சாதி பி.ஏ.டா!” என்று கத்தினான். ஷாஃப்டிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவரும் தாளைத் தொடவில்லை. ஆனந்தனைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற ஒருவர், “தெரியல தங்கச்சி” என்று குரல் கொடுத்தார். சுலோச்சனா குதிகாலை எம்பி, தாளை இரண்டு கையாலும் இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தாள்.