பக்கத்து வயலின் மகரந்தம்

சித்தியின் மக்காச்சோளத்தைச் சோதித்து முடிவு சொல்ல எழுபத்திரண்டு மணி நேரம் அவகாசம். எழுபதாவது மணி நேரத்தில் அவளே ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு என் மேசையருகே நின்றாள்.

"என்னடி, பாஸா ஃபெயிலா?"

நூற்றுக்கு இரண்டு விதைகளில் மாற்றிய மரபணு இருந்தது. சித்தியின் சங்கத்திடம் சோளம் வாங்குவது குழந்தைகளுக்கு மாவு தயாரிக்கும் கம்பெனி. அந்த மரபணு துளி இருந்தாலும் மொத்த விளைச்சலும் வேண்டாம் என்றுவிடுவார்கள். தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அதை எடுத்து வரி வரியாகப் படித்தாள்.

"நீங்க இங்க வளர்க்குறீங்களே, புழு தொடாத சோளம். அதுவா?"

"அதே மரபணுதான் சித்தி."

"தின்னா ஏதாச்சும் ஆகுமா?"

"இதுவரைக்கும் செஞ்ச சோதனைல ஒண்ணும் ஆகல."

"மருந்தடிச்சு மருந்தடிச்சு உங்க சித்தப்பாவுக்கு வாரத்துல நாலு நாள் தலைவலி. இந்த விதையக் குடுத்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? ஆனா கேட்டுட்டுக் குடுக்கணும். கேக்காம உள்ள வந்து உக்காந்துக்கிட்டா என்ன அர்த்தம்?"

எந்த வயலிலிருந்து வந்தது என்று தாள் சொல்லாது. சித்தி சொன்னாள்.

"இது வாத்தியார் வேலைதான்."

வாத்தியார் அவளுக்குப் பக்கத்து வயல்காரர். ஓய்வு பெற்ற பிறகு விவசாயத்துக்கு வந்தவர்.

"பேரில்லாத பாக்கெட்ல புது விதை வாங்குனேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. சாயங்காலம் சங்கத்துல சொல்லி ஆளத் தூக்குறேன்."

சங்கத்திலிருந்து நீக்கினால் அவருடைய சோளத்தை வாங்க ஆள் கிடையாது.

"எங்க சோதனைத் தோட்டமும் உங்க வயலுக்குப் பக்கத்துலதானே சித்தி," என்றேன்.

"அட போடி. அங்க மகரந்தம் பறக்காம ஆண் பூவுக்கெல்லாம் பை மாட்டுறது யாரு? நீ. வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்குற ஆளு."

போனை எடுத்து வாத்தியாரை அழைத்தாள். ஒலிபெருக்கியில் வாத்தியாரின் குரல் உற்சாகமாக வந்தது.

"சொல்லும்மா! ரிசல்ட் நல்லபடியா வந்துடுச்சா? காலைலேர்ந்து உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

சித்தி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு இல்ல சித்தி. கடைசி வரிசைக்குப் பை தீந்துபோச்சு. எங்க ஆய்வக சார்கிட்டப் போய்க் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, மாட்டாமலே விட்டது நான்தான்."