பாதி டேங்க்

அழ வந்தவன் அழுதுவிட்டுப் போகவேண்டியதுதானே. ஸ்பேனர் வந்தான், கூடத்தில் கிடத்தியிருந்தவரின் காலடியில் இரண்டு நிமிடம் நின்றான், மூக்கை உறிஞ்சினான், பிறகு பின்பக்கம் போனவன் போனவன்தான். அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது, ஷெட்டில் மேஜைக்கு முன்னால் குனிந்து நின்று, செத்துப்போனவர் ரிமோட்டில் பறக்கவிடக் கட்டிய குட்டி விமானத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் இதே ஷெட்டிலிருந்துதான் அவள் கணவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகன் முதல் ரயிலைப் பிடித்து வந்து, அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் அவரைக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். இவனுக்கு இப்போது எஞ்சின் பார்க்கவேண்டும்.

"தம்பி, இன்னைக்குமா?" என்றாள்.

"சும்மாதான் அண்ணி பார்த்தேன்" என்றான். சும்மா பார்க்கிறவன் கையில் ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஸ்பேனர் பஸ் டிப்போவில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன். அவனுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அவரும் அவனும் சேர்ந்தால் வீடு வீடாக இருக்காது. விமானத்தின் இறக்கை ஒன்றே அவள் உயரம். அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வருகிறவர்களைப் பார்த்து உட்காருங்கள் உட்காருங்கள் என்பார். எங்கே உட்காருவது? இன்றைக்கு அவரைக் கிடத்த இடம் வேண்டுமென்று மகன் இறக்கையைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தபோதுதான், அந்தச் சுவரின் நிறமே அவளுக்குத் தெரிந்தது.

இறக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த எஞ்சின் இருக்கிறதே, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சனியன், அதுதான் மூன்று மாதமாக அவள் உயிரை எடுத்தது. ஓடாத எஞ்சின் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இது ஓடும். நாலு நிமிடம் நன்றாகவே ஓடும். அப்புறம் குரல் மெலியும், மேலே மேலே ஏறும், வீல் என்று ஒரு கத்து கத்திவிட்டு நின்றுபோகும். இதை நம்பி விமானத்தை மேலே அனுப்பினால் கீழே வருவது விறகுதான் என்று அவர் சொல்லுவார். அதனால் ஷெட்டில் கட்டிப்போட்டே தினமும் காலை ஓட்டம். எரியெண்ணெய் வரும் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஊசித் திருகு உண்டு. அதை ஒரு பல் அப்படித் திருப்புவார், ஒரு பல் இப்படித் திருப்புவார். பிளக்கை மாற்றினார். அவளுடைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து கார்புரேட்டரைத் தேய்த்தார். டீ வடிகட்டியில் அந்த எரியெண்ணெயை வடிகட்டினார். ஒரு நாள் பால் பாத்திரத்தில் எஞ்சினைப் போட்டு அடுப்பில் வேகவைத்தார். கேட்டால், உள்ளே பிசின் பிடித்திருக்கிறதாம்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, ஓய்வு பெற்றபிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: காலையில் ஒரு டம்ளர் டீ, சத்தமில்லாமல். அவர் அவளை வீட்டில் கூப்பிடுவதே 'எக்ஸ்சேஞ்ச்' என்றுதான். மூன்று நிமிடம் ஆயிற்று, தொடரட்டுமா என்று லட்சம் பேரிடம் கேட்டவளுக்குக் கடிகாரம் வேண்டாம். நிமிடம் தானாக உள்ளே ஓடும். எஞ்சின் கிளம்பியதும் எண்ண ஆரம்பிப்பாள். நாலு நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், கத்திவிட்டு நின்றுவிடும். அப்புறம் அரை மணி நேரம் அவர் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார், அந்த அரை மணி நேரம் அவளுடையது.

இன்று காலை நாலு நிமிடத்தில் நிற்கவில்லை. ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ இதோ என்று காத்திருந்தாள். ஆறைத் தாண்டியதும் அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, சமையலறை ஜன்னலைத் திறந்து, தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினாள். அதை நிறுத்தித் தொலைங்க, வாழ்நாள்ல ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளுங்க என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்து டீயை முழுதாகக் குடித்தாள். பேப்பரில் ராசிபலன்கூட விடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் எண்ணெய்த் துணி கிடந்தது.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. தெருமுனை டாக்டர் வந்து, இதயம் நின்றிருக்கிறது, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். அரை மணி நேரம் என்றால், அவள் டீ குடித்த நேரம். காலையிலிருந்து துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. எஞ்சின் தானாக நின்றதா, அவர் நிறுத்தினாரா? தானாக நின்றது என்றால் பரவாயில்லை, எல்லா நாளையும் போல அதைத் திட்டிக்கொண்டே போயிருப்பார். அவர் நிறுத்தினார் என்றால், எதற்காக நிறுத்தினார்? நெஞ்சை வலித்து, அவளைக் கூப்பிடவா? அவர் கூப்பிட்டு, இவள் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தாளா?

அதனால்தான், வாயை மூடிக்கொண்டு கூடத்துக்குப் போயிருக்கவேண்டியவள், ஷெட் வாசலிலேயே நின்றாள்.

"தம்பி, அது ஏன் நின்னுச்சுன்னு பார்த்தா தெரியுமா?"

ஸ்பேனர் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான், ஆனால் இங்கே வந்து அழுதிருக்கிறான்.

"நிக்கும்போது எப்படி நின்னுச்சு அண்ணி? சத்தம் கேட்டிருப்பீங்களே."

அவள் யோசித்தாள். யோசிக்கத் தேவையில்லை, காதிலேயே இருந்தது. "கத்தலை" என்றாள். "எப்பவும் வீல்னு ஏறி நிக்கும். இன்னைக்குக் கீழ இறங்குச்சு. மெதுவா இறங்கி, கொஞ்ச நேரம் முனகிக்கிட்டே இருந்துட்டு, அப்புறம் நின்னுச்சு."

"முனகுச்சா? எவ்வளவு நேரம்?"

"கால் நிமிஷம்."

அவன் கார்புரேட்டரின் ஓரத்தில் இருந்த சின்னக் கைப்பிடியை விரலால் தொட்டுக் காட்டினான். அது முழுக்க மூடியிருந்தது. அதைத் திருப்பினால் வேகம் குறையும், கடைசிவரை திருப்பினால் நிற்கும் என்றான். டேங்க்கை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளை பிளாஸ்டிக்குக்குள் எண்ணெய் சரிபாதிக்கு நின்றது.

"அண்ணன்தான் நிறுத்தியிருக்காரு" என்றான்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வலித்திருக்கும், அதனால் நிறுத்தியிருப்பார், இல்லையா என்று கேட்டாள். அந்தக் கழுதை, ரிப்பேருக்கு வந்த பஸ்ஸைப் பார்க்கிறமாதிரி, விமானம் இருந்த மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிளக் கம்பியைப் பார்த்தான், எண்ணெய் டப்பாவின் மூடியைப் பார்த்தான், புரொப்பெல்லரில் விரலை ஓட்டி முகர்ந்தான்.

"இல்ல அண்ணி. வலி வந்தவன் போட்டது போட்டபடி உட்காருவான், இது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். இவரு வேகத்தைக் குறைச்சு, முனக விட்டு, சரியா முனகுதான்னு காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் நிறுத்தியிருக்காரு. டப்பாவை மூடியிருக்காரு. புரொப்பெல்லரைத் துடைச்சிருக்காரு, ரெண்டு பக்கமும். சிலிண்டரைப் பாதிதான் துடைச்சிருக்கு. அப்பதான் வந்திருக்கும். துடைக்கும்போது வந்திருக்கும். கூப்பிட நேரம் இருந்திருக்காது."

அவள் மூச்சை விட்டாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஸ்பேனர் விடுகிற ஆளா? பாதி டேங்க் இருக்கும்போது அண்ணன் ஏன் நிறுத்தினார் என்று ஆரம்பித்துவிட்டான். நாலு நிமிடத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது, மூன்று மாதமாக இதற்குத்தானே தவம் கிடந்தார், கடைசிச் சொட்டுவரைக்கும் ஓட்டிப் பார்த்திருக்கவேண்டாமா, கணக்கே உதைக்கிறதே என்று தலையைச் சொறிந்தான். சொறிந்துகொண்டே மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பிரித்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

காகிதத்துக்குள் விரல் நீள ரப்பர் ட்யூப் ஒன்று இருந்தது. டேங்க்குக்குள் கிடந்து எண்ணெயை உறிஞ்சும் ட்யூப். அதன் நடுவில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. காகிதத்தில் அவருடைய கோணல் எழுத்தில், 'ஸ்பேனர் வந்ததும் காட்டவும். உதை உண்டு' என்று இருந்தது.

அவன் ட்யூபை வெளிச்சத்தில் வளைத்தான். வட்டத்துக்குள் ஒரு ஊசி ஓட்டை.

"அடப்பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டான்.

அப்புறம் அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ட்யூபை மாட்டியது இவன்தானாம். டேங்க்கின் வாய் குறுகல், ட்யூப் வழுக்கியது, ஒரு குண்டூசியால் குத்தி இழுத்து மாட்டினானாம். எண்ணெய் ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். நாலு நிமிடத்தில் எண்ணெய் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் ட்யூப் காற்றை உறிஞ்சும், எஞ்சின் வறண்டுபோய்க் கத்திச் சாகும். அவர் வெளியே இருக்கிற ஊசியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். இவனும் பக்கத்தில் நின்று இன்னும் ஒரு பல், இன்னும் ஒரு பல் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"உன் குண்டூசிக்காடா என் பால் பாத்திரம் போச்சு?" என்றாள். அவனை டா போட்டு அவள் பேசியதே இல்லை.

"இன்னைக்குக் காலையில கண்டுபிடிச்சுப் புது ட்யூப் மாட்டிட்டாரு அண்ணி. சரியாப் போச்சு. ஆனா எனக்கு அதான் புரியலை. சரியா ஓடுற எஞ்சினைப் போயி ஏன்..."

"நான் நிறுத்தச் சொன்னேன்."

ஸ்பேனர் டார்ச்சை அணைத்தான்.

"நாலு நிமிஷத்துல நிக்கும்னு பார்த்தேன். நிக்கலை. அதான் கத்தினேன். ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளுங்கன்னு கத்தினேன்." அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது, அவர்மேல், தலைகால் தெரியாத கோபம். "முப்பத்தஞ்சு வருஷம் தம்பி. டிவியைக் குறைங்கன்னா கேட்டதில்ல. டாக்டர்கிட்ட வாங்கன்னா கேட்டதில்ல. கால் வலிக்குது, அந்த இறக்கையை எடுத்துட்டு இடம் கொடுங்கன்னு சொன்னா, அதையும் கேட்டதில்ல. கேட்காத மனுஷன் கேட்காமலே போகவேண்டியதுதானே? இன்னைக்குப் போயா கேட்கணும்?"

அவன் ட்யூபைக் காகிதத்தில் வைத்து மறுபடி மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து இன்னொரு தடவை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் உள்ளே வந்தாள். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலையில் யாரோ மூலையில் தள்ளியிருந்தார்கள். அதைக் காலால் இழுத்துப் போட்டு, விமானத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். மீதி எத்தனை நிமிடம் வரும் என்று கேட்டாள். முழு டேங்க் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் வரும், ஆறு போயிருக்கிறது, ஏழு வரலாம் என்றான்.

"கிளப்பு."

"அண்ணி, உள்ள எல்லாரும் இருக்காங்க..."

"கிளப்புன்னு சொன்னேன். ஊசியைத் தொடாதே. அவர் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்."

அவன் விமானத்தின் வாலைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தான். கைப்பிடியைத் திறந்தான், பிளக்கில் கம்பியை மாட்டினான், ஒரு கட்டையால் புரொப்பெல்லரைத் தட்டிவிட்டான். முதல் தட்டுக்குச் செருமியது. இரண்டாவது தட்டுக்குப் பிடித்துக்கொண்டது. ஷெட்டே அதிர்ந்தது. அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஒன்றோடொன்று முட்டின. நீலப்புகை அவள் முகத்தில் அடித்தது, சேலைத் தலைப்பு பின்னால் பறந்தது. கூடத்தில் யாரோ எழுந்து வருவதும், யாரோ தடுப்பதும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. இந்தச் சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் கேட்டால் அது வேறு மாதிரி இருந்தது, ஒரே குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

மகன் ஓடி வந்தான். என்னம்மா இது, எல்லாரும் என்ன நினைப்பாங்க என்று அவன் வாய் அசைந்தது. பிறகு அவள் காதருகே குனிந்து, "வண்டி வந்துடுச்சும்மா" என்று கத்தினான்.

"ஏழு நிமிஷம் நிக்கச் சொல்லு" என்றாள்.

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். ஸ்பேனர் அவனைப் பார்க்கவில்லை. மகன் வண்டிக்காரரிடம் சொல்ல வாசலுக்குப் போனான்.

அவள் ஸ்டூலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். டேங்க்குக்குள் எண்ணெய், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய கோடாக, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.