சுடாத மாவு

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே ஒரு மாவு உருளை இருந்தது. முழங்கை நீளம் இருக்கும். வெண்ணெய்த் தாளில் சுற்றி, இரண்டு முனைகளையும் மிட்டாய்த் தாள் போல முறுக்கி வைத்தவள் என் மனைவி. பிஸ்கட் செய்கிற நாளில் எப்போதும் இரண்டு பங்காகப் பிசைவாள். ஒரு பங்கு ஓவனுக்கு, இன்னொன்று ஃப்ரீசருக்கு. "திடீர்னு யாராவது வந்தா நறுக்கி உள்ள தள்ளிடலாம்ல" என்பாள். எங்கள் வீட்டுக்குத் திடீரென்று யாரும் வந்ததில்லை. மகள்தான் தன்னையே விருந்தாளியாக அறிவித்துக்கொண்டு அதையும் தீர்த்துவைப்பாள்.

கடைசியாகப் பிசைந்தபோது விருந்தாளிக்குப் பரீட்சை. அதனால் இரண்டாம் பங்கு தப்பித்தது. அந்த வாரமே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன என் மனைவி, "பாலை ஃப்ரிட்ஜ்ல எடுத்து வைங்க" என்று காருக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. டாக்டர் வாய் நிறைய ஒரு பெயர் சொன்னார். பெயர் பெரிதாக இருந்தால் துக்கம் சிறிதாகும் என்று அவர்களுக்குப் படிப்பில் சொல்லித்தருகிறார்கள் போலிருக்கிறது.

அந்த உருளையை மகள் சுடவும் விடவில்லை, எறியவும் விடவில்லை. "அது இருக்கட்டும்ப்பா" என்றாள். அன்று முதல் அது வீட்டுச் சட்டம். மின்சாரம் போனால் ஃப்ரீசரைத் திறக்கக் கூடாது. போன மின்சாரம் வர மறுத்தால், உருளையைப் பாத்திரத்தில் கிடத்தி, சுற்றிலும் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, மேலே கம்பளியைப் போர்த்துவாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட அந்தக் கம்பளி கிடைத்ததில்லை.

ஒருநாள் மெல்லக் கேட்டேன். "எத்தனை நாளைக்கும்மா வச்சிருக்கப் போறே?"

"அம்மா வந்து சுடுவாங்கன்னு காத்திட்டிருக்கேன்னு பயந்துடாதீங்க. அந்த அளவுக்கு எனக்கு முத்தல" என்றாள். பிறகு, "அம்மா கையால இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குப்பா. அது தீராம இருக்கட்டும். அவ்ளோதான்."

உருளையின் மேல் நான்கு பள்ளங்கள் இருந்தன. என் மனைவி அவசரமாக உருட்டினால் விரல்கள் அப்படிப் பதியும். தாளுக்கு மேலேயே தெரியும். ஐஸ் எடுக்கிற சாக்கில் மகள் தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்ப்பாள். நான் செய்தித்தாளைத் திருப்புவேன்.

இந்த நிலையில்தான் எங்களைத் தேற்றுவதற்காக என் அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினார். ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்துக்கு மேற்பார்வையாளர். ஓய்வுக்குப் பிறகு மனித குலத்துக்கே மேற்பார்வையாளர். 'வாழ்வியல் வழிகாட்டி' என்று பெயர் அட்டை அடித்து வைத்திருக்கிறார். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், எழுந்து நின்று தொண்டையைச் செருமுவார். என் மனைவி அவரை நேரில் 'மாமா' என்பாள், அடுப்பங்கரையில் 'மைக்செட்' என்பாள்.

வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் செருமல் கேட்டது.

"துக்கம்ங்கறது பூட்டின பெட்டி மாதிரிம்மா..."

"குழம்பு ஆறுது பெரியப்பா" என்றாள் மகள்.

"...பெட்டிய வெளியில இருந்து பாத்து அழுது என்ன பிரயோஜனம்? திறக்கணும். தைரியமா திறக்கணும்."

"எதை வேணா திறங்கண்ணே, ஃப்ரீசரை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லி, உருளையின் கதையை முழுவதும் அவருக்குச் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து, தான் பேசப்போவதற்குப் போட்டுக்கொள்கிற தாளம் அது.

மறுநாள் நான் வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் போய்விட்டோம். சாயங்காலம் நான்தான் முதலில் திரும்பினேன். அண்ணன் கையில் ஈரத்துணியோடு வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் ரிப்பன் வெட்டிய களை.

"வா, வந்து பாரு."

ஃப்ரீசர் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பளிச்சென்ற வெள்ளை மட்டும்.

"எத்தனை வருஷத்து ஐஸ்டா அது? மலை மலையா இருந்துச்சு. சுவிட்சை அணைச்சிட்டு, வெந்நீரை வச்சு, ஒரு சொட்டு ஈரம் இல்லாம துடைச்சாச்சு. ஒரு குடும்பத்தோட மனசு எப்படி இருக்குன்னு அவங்க ஃப்ரிட்ஜைப் பாத்தாலே சொல்லிடலாம். இதைப் பத்தி நான் தனி உரையே..."

"உள்ள இருந்த சாமானெல்லாம் எங்கண்ணே?"

"ஒண்ணையும் தூக்கிப் போடலப்பா. அழகா அடுக்கி வச்சிருக்கேன், பாரு."

அழகாகத்தான் அடுக்கியிருந்தார், ஜன்னலோர மேடையில், வெயில் விழும் இடமாகப் பார்த்து. பட்டாணிப் பொட்டலம் தன்னைச் சுற்றி ஒரு குட்டை கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் உருளை வயிறு சரிந்து படுத்திருந்தது. தாள் முழுக்க வெண்ணெய் கசிந்து ஊறியிருந்தது. பள்ளங்கள் இல்லை.

"இதைத்தாண்ணே நேத்து சொன்னேன்."

அண்ணன் உருளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஈரத்துணியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"நீ தூக்கிப் போடாதேன்னு சொன்னதா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அண்ணன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டதை நான் அறுபதை நெருங்கும் இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

மகள் வருகிற நேரம். ஃப்ரீசர் சுவிட்சைப் போட்டேன். உருளையை மேசையில் வைத்து, தாளோடு சேர்த்து மெல்ல உருட்டினேன். வடிவம் ஓரளவு வந்தது. பிறகு, சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளங்களையும் நானே வைக்கப் பார்த்தேன். என் விரல் தடிமன். பள்ளம் கிணறு மாதிரி விழுந்தது. தடவி அழித்துவிட்டுச் சுண்டு விரலால் முயன்றேன்.

"கொஞ்சம் மேல வை. எட்டத்துல இருந்து பாத்தா தெரியாது" என்றார் அண்ணன், மேற்பார்வையாளராக.

"விடுங்கப்பா."

மகள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

நாங்கள் இருவரும் திருடும்போது பிடிபட்டவர்கள் போல நிமிர்ந்தோம். அவள் வந்து உருளையைத் தொட்டாள். விரல் உள்ளே போயிற்று.

"எப்ப அணைச்சீங்க?"

"காலையில... நீங்க கிளம்பினதும்" என்றார் அண்ணன். "எனக்குத் தெரியாதும்மா."

"சொன்னோமே பெரியப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் வைத்திருப்பார். கோபத்தைக் கையாள்வது பற்றி அவரிடம் தனி உரை உண்டு. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"திரும்ப உறைய வச்சிடலாம்மா. ராத்திரிக்குள்ள கெட்டியாயிடும்" என்றேன்.

"முட்டை போட்ட மாவுப்பா. நாள் பூரா வெளியில இருந்திருக்கு." பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கையைக் கழுவினாள். "குப்பையில போடறதுக்கு பதிலா சுட்டுடலாம். பெரியப்பா, அந்தத் தட்டுல வெண்ணெய் தடவுங்க."

வாழ்வியல் வழிகாட்டி வெண்ணெய் தடவினார். அவருடைய நகம், சட்டை, கண்ணாடி எல்லாவற்றிலும் வெண்ணெய் ஆயிற்று. மகள் மாவை நறுக்க முடியாமல் கரண்டியால் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். ஒன்றுகூட வட்டமாக இல்லை.

"எவ்வளவு நேரம் வைக்கணும்?" என்று கேட்டேன்.

"அம்மா கடிகாரம் பாக்க மாட்டாங்க. வாசனை வந்து கூப்பிடும்னு சொல்வாங்க."

ஓவனுக்கு முன்னால் மூன்று நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். அண்ணன் ஒருமுறை செருமினார். பிறகு அது வெறும் செருமலாகவே முடிந்தது. கண்ணாடிக்குள் மாவு இளகிப் பரவியது.

பிறகு வாசனை வந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் விளிம்பில் லேசாகக் கருகத் தொடங்குகிற அதே வாசனை. கூடத்துக்குப் போய், மாடிப்படி ஏறி, வீடு முழுக்க நிறைந்தது. இத்தனை மாதமாக வீட்டில் என்ன குறைந்திருந்தது என்று அப்போதுதான் மூக்குக்குத் தெரிந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள் மெல்ல இறங்கியது. இந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டிருந்தால் எங்களில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

எடுத்து ஆறவைத்தோம். ஆளுக்கொன்று கொடுத்தாள். கடித்தோம்.

"பிரமாதம்" என்றார் அண்ணன் உடனே. மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். அவர் முகம் கூட்டம் கலைந்த மண்டபம் போல ஆயிற்று. "இல்லம்மா. வெங்காய வாடை அடிக்குது."

என் அண்ணன் வாழ்க்கையில் சொன்ன மிகச் சிறிய உரை அது. அவ்வளவும் உண்மை.

"ஆமா பெரியப்பா. ஃப்ரிட்ஜ் வாடை" என்றாள் மகள். "ரொம்ப நாள் வச்சிட்டேன்."

"நீ என்னம்மா பண்ணுவே, நான்தான்..."

"நீங்க அணைக்கலைன்னாலும் இப்படித்தான் இருந்திருக்கும் பெரியப்பா. எப்பவோ போயிருக்கும். எனக்குத்தான் தெரியல."

அவள் பாதி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடி எப்படி இருக்கும்ப்பா?"

விளம்பரங்களுக்கு வாசகம் எழுதிப் பிழைப்பவன் நான். வாயில் கரையும், நாவில் நடனமாடும் என்று ஊரான் பிஸ்கட்டை எல்லாம் எழுதி எழுதி விற்றிருக்கிறேன்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"அது தெரியும். எப்படி இருக்கும்?"

நாக்கால் துழாவிப் பார்த்தேன். வெங்காயமும் பழைய ஐஸும்தான் வந்தன.

"எனக்கும் வரல" என்றாள். "காலையில வரைக்கும் வந்துச்சுப்பா. கண்ணை மூடினா அப்படியே வரும். இப்ப இதைச் சாப்பிட்டுட்டேன்ல... இனிமே இதுதான் வரும்."

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கையிலிருந்த பாதியைத் தின்று முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அழுதபடியே, ஒரு துணுக்கும் கீழே சிந்தாமல், ஒவ்வொன்றாக மென்று விழுங்கினாள். போதும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா செய்ததை அவள் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.