பழைய இரும்பு

பட்டுத்துணியின் கடைசி மடிப்பையும் விரித்து முருகன் வேலை வெளியே எடுத்த சண்முகலிங்கம், அதை எங்கே வைப்பது என்று முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ரோமாபுரிச் சரித்திரப் புத்தகங்கள் நாலைந்து அடுக்கியிருந்தன. அவற்றை இடக்கையால் அள்ளித் தரையில் வைத்துவிட்டு, துணியை மேசையில் விரித்து, அதன்மேல் வேலைச் சாய்த்தார். ஒரு சாண் நீள வெள்ளி வேல்.

பாலேஸ்வரி ஈரப் பஞ்சால் புருசனின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், திரும்பவும் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்தாள். கோணேஸ்வரனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர் வீட்டுக்கு அனுப்பி, வோபர்ன் என்ற புறநகர்ப் பகுதியில் உள்ள இந்த வீட்டின் முன்னறையில் கட்டிலும் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல வைச்சுப் பூசை செய்விச்ச வேல். என்ர சாமியறையை விட்டு ஒரு நாளும் வெளிக்கிட்டதில்லை. மச்சானுக்கு எண்டபடியாத்தான் கொண்டந்தனான்," என்றார் சண்முகலிங்கம்.

"இதுவும் ஆயுதம்தானே அண்ணை?"

"என்ன?"

"வீட்டில ஆயுதம் இருந்தாக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"விசர்க்கதை கதையாதை. அது ரத்தம் குடிச்ச கத்தி. இது சாமி."

"அப்ப முருகன் சூரனை எதால பிளந்தவர்?"

சண்முகலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நித்திரை இல்லாமல் தங்கச்சிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருக்கலாம். அன்று தைப்பூசம். றிச்மண்ட் ஹில்லில் அவர் தர்மகர்த்தாவாக இருக்கிற சின்னக் கோயிலில் பூசைக்கு அவர் நிற்காவிட்டால் முருகனுக்கே வழி தெரியாது என்பது அவருடைய எண்ணம். சால்வையைச் சரிசெய்துகொண்டு கதவடிக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன் கேள். மூச்சு மாறினவுடன வேலை எடுத்துத் துணியில சுத்தி மேல்மாடியில வைச்சிடு. அதுக்குப் பிறகுதான் எனக்கு ஃபோன். உயிர் போற இடத்தில இது இருக்கப்படாது. செத்தவீட்டுத் துடக்குப் பட்டால் பிறகு நான் திருப்பிக் கொண்டுபோகேலாது. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது," என்றாள் பாலேஸ்வரி.

அவர் சொன்னதைவிடக் கூடவே அவளுக்கு விளங்கியிருந்தது.

கார் போன சத்தம் கேட்டதும், முதல் வேலையாகப் புத்தகங்களைத் தரையிலிருந்து எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள்.

அந்தக் கத்தி இந்த வீட்டுக்கு வந்து பத்து வருசமிருக்கும். கத்தி என்று சொன்னால் கோணேஸ்வரனுக்குப் பிடிக்காது. குறுவாள் என்று திருத்துவார். ரோமப் படைக்காரன் அதைப் பூகியோ என்று சொல்வானாம். ஜேர்மனியில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் கிடைத்து, ஏலத்தில் விலைபோய், பஞ்சு வைத்த பெட்டிக்குள் வந்திறங்கியது. கருகின கத்தரிக்காய் போல இருக்கிறது என்று பாலேஸ்வரி சொன்னாள். அவருக்கு அது பகிடியாகவே படவில்லை. வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொண்டு, பிடியின் நடுவில் புடைத்திருந்த இடத்தைப் பெருவிரலால் தடவி, பிறகு இலை போன்ற அலகின் நடுவே ஓடும் வரம்பைத் தடவி, அப்படியே நின்றார்.

"இது சீசரின்ர இல்லை, பாலேஸ். பேர் தெரியாத ஒரு சிப்பாயின்ர. இதை இடப்பக்கத்தில கட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத இடத்தில பனிக்குள்ள காவல் நிண்டிருப்பான். அவன் உயிரோட இருக்கிறானோ எண்டு தாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்காது."

திருகோணமலையிலிருந்து இந்த நாட்டுக்குத் தனியே வந்த முதல் குளிர்காலத்தில், கால் விறைத்துப்போய் டவுன்ரவுண் மியூசியம் ஒன்றுக்குள் சூட்டுக்காக ஒதுங்கிய மனுசன் அவர். ஒதுங்கின இடத்தில் கண்ணாடிக்குள் இப்படி ஒன்றைக் கண்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் எட்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சீசரைக் கொல்லத் தொடங்கிவிடுவார்.

"இருபத்திமூண்டு குத்து. ஆனால் வைத்தியன் பாத்துப்போட்டு, அதில ஒண்டுதான் உயிரை எடுத்தது எண்டு சொன்னவனாம்."

"அப்ப மிச்சம் இருபத்திரண்டும்?"

"அது, நானும் குத்தினனான் எண்டு சொல்லுறதுக்கு."

"சோறு ஆறுது. சாப்பிட்டுட்டுக் குத்துங்கோ," என்பாள் பாலேஸ்வரி. பிள்ளைகள் இல்லாத வீடு. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டும்போது, "என்ர சக்களத்தியைப் பாத்திட்டியளோ?" என்று அவளும் கேட்டுச் சிரிப்பாள். சிரிப்பு பாதி, எரிச்சல் பாதி.

போன இலையுதிர் காலத்தில் கோணேஸ்வரனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். பாலேஸ்வரி ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். மாற்றுடுப்பு எடுத்துவர அண்ணனிடம் வீட்டுக் கதவுத் திறப்பைக் கொடுத்தாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக, சண்முகலிங்கம் சாத்திரக்காரரிடம் ஓடினார். வீட்டில் ரத்தம் குடித்த ஆயுதம் இருக்கிறதோ என்று சாத்திரக்காரர் கேட்டாராம். கேட்டாரோ, இவர்தான் எடுத்துக் கொடுத்தாரோ, யார் கண்டது. குறுவாளை மஞ்சள் துணியில் திருஷ்டி கழிக்கிற தேசிக்காயோடு சுற்றி, றூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்துக்குப் போய், எட்டின மட்டும் வீசி எறிந்துவிட்டு, கால் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள்.

"சனியன் துலைஞ்சுது மச்சான். இனி எழும்பி வாரும்," என்றார் எல்லோருக்கும் கேட்க.

கோணேஸ்வரன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். சனம் பதிலுக்குக் காத்து நின்றது.

"பரவாயில்லை," என்றார். "பழைய இரும்புதானே."

அதற்குப் பிறகு அவர் ரோமாபுரியைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. வருசக்கணக்காக "கொஞ்சம் வாயை மூடுங்கோவன்" என்று சொல்லிக்கொண்டிருந்த பாலேஸ்வரி, தானாகப் போய்ப் புத்தகங்களை எடுத்துவந்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கினாள். "இஞ்சேருங்கோ, சீசரைக் குத்தின கூட்டாளியின்ர பேர் என்ன?" என்று கேட்டுப் பார்த்தாள். "எல்லாம் மறந்துபோச்சு, பாலேஸ்," என்றார். அவருக்கு எதுவும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

புற்றுநோய் அந்த இருபத்திரண்டு குத்து. உயிரை எடுத்தது அண்ணன் குத்தினது. இப்படித்தான் அவள் கணக்குத் தீர்த்து வைத்திருந்தாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இவளுடைய கஞ்சி ஆறவேயில்லை. அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், அவர் கொண்டுவந்த விபூதியை வாங்கிப் பூசினாள், ஒவ்வொரு முறையும் அவர் கார் கண்ணுக்கு மறையும்வரை யன்னலடியில் நின்று, இவருக்கு எங்கே நோகும் என்று யோசித்தாள். நோகிற இடத்தை இன்று அவரே பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருந்தார்.

மத்தியானம் கழிந்து, வீட்டுக்கு வந்து கவனிக்கிற தாதி மரியோ வந்தார். நாடி பிடித்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், போர்வையை இழுத்துவிட்டார். மூச்சு விட்டுவிட்டு வரத் தொடங்கிவிட்டது, இன்றைக்கே இருக்கலாம், பக்கத்துத் தெருவில் இன்னொரு நோயாளியைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறேன் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். போகும்போது அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு ஃபோன் அடித்தது. பின்னால் மேளச் சத்தம்.

"எப்பிடி இருக்கு, பிள்ளை?"

பாலேஸ்வரி கட்டிலைப் பார்த்தாள். கோணேஸ்வரனின் நெஞ்சு உயர்ந்தது. தாழ்ந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உயர்ந்தது.

"அப்பிடியேதான் இருக்கிறார்," என்றாள்.

"மூச்சு?"

"ஒரு மாற்றமும் இல்லை. நீங்கள் ஆறுதலாப் பூசையை முடிச்சிட்டு வாங்கோ."

ஃபோனை வைத்தாள். மேசையடிக்குப் போய் வேலின் முன்னால் நின்றாள். அப்பாவின் வேல். சின்ன வயதில் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பால் ஊற்றிக் கழுவினது அவளும்தான். அப்பா போன பிறகு, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

'முருகா, உன்னோட எனக்குக் கோபம் ஒண்டும் இல்லை,' என்று மனதுக்குள் சொன்னாள். 'உன்னைக் கொண்டந்த ஆளோடதான்.'

வேலை எடுத்து வந்து, போர்வையை விலக்கி, புருசனின் வலக்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். விரல்கள் அதற்குள் குளிர்ந்திருந்தன. "இஞ்சேருங்கோ," என்று காதருகில் குனிந்தாள். "வைச்சிருங்கோ. இதை ஒருத்தரும் பறிக்க ஏலாது."

அவர் கண் திறக்கவில்லை. ஆனால் பெருவிரல் அசைந்தது. பிடியின் தண்டில் எதையோ தேடிக் காணாமல், மெல்ல மேலே ஏறி, அலகைத் தொட்டது. வேலின் அலகும் இலை போன்றதுதான். அதன் நடுவிலும் ஒரு வரம்பு ஓடியது. பெருவிரல் அந்த வரம்பில் கொஞ்சத் தூரம் போய், நின்றது.

அவர் என்ன நினைத்தார் என்று பாலேஸ்வரிக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு அவள் வாயெடுத்தபோது, அடுத்த மூச்சு வரவில்லை. காத்திருந்தாள். அது வரவேயில்லை.

அவள் அழுதாள். வாய்விட்டுத்தான் அழுதாள், கேட்க ஆள் இல்லாத வீட்டில். மரியோ திரும்பி வந்து பார்த்து, நேரத்தைக் குறித்து, ஃபியூனரல் ஹோமுக்கு ஃபோன் பண்ணிவிட்டு, கைகளை நேராக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று தலையாட்டினாள். அண்ணனை அவள் கூப்பிடவில்லை.

சண்முகலிங்கம் கோயில் பிரசாதத்தோடு உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கட்டிலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எப்ப?"

"கொஞ்சம் முன்னம்."

"எனக்கேன் ஃபோன் அடிக்கேல்லை?" தலைமாட்டு மேசைக்கு அவர் கண் போனது. வெறும் துணிதான் கிடந்தது. "வேலை மேல கொண்டுபோய் வைச்சிட்டாய்தானே?"

பாலேஸ்வரி எழுந்து ஒதுங்கி நின்றாள். போர்வை விளிம்பில், செத்தவரின் விரல்களுக்குள் வேலின் நுனி தெரிந்தது.

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும், பிரசாதப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். கையை நீட்டினார். நீட்டின கை போர்வைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"உங்கட வேல்தானே. விரலை விரிச்சு எடுங்கோவன்."

"உனக்குத் தெரிஞ்சுதான் செய்தனியோ? இது அப்பான்ர!"

"தெரியும். நானும் அப்பான்ர பிள்ளைதான்."

"அப்பா உன்னை மன்னிக்கமாட்டார்."

"அப்பாவோட நான் கதைச்சுக்கொள்ளுறன். இவற்ற சாமானை ஏரியில எறியேக்க, இவரை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"அது மச்சான்ர நன்மைக்குச் செய்தது!"

"இதுவும் அவற்ற நன்மைக்குத்தான்."

சண்முகலிங்கத்தின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. குரலைத் தாழ்த்தினார். ஐயரைக் கேட்டு ஏதும் பிராயச்சித்தம் செய்யலாம், பாலில் போட்டு எடுக்கலாம் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

"செய்யுங்கோ," என்றாள் பாலேஸ்வரி. "கொண்டுபோய்ச் சாமியறையிலயும் வையுங்கோ. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குக் கோயில் சனம் முழுக்க இஞ்சை வரும். இவர் எதைக் கையில பிடிச்சுக்கொண்டு செத்தவர் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுவன்."

அவர் சோபாவில் போய் இருந்தார். தங்கச்சியை முதல்முறையாகக் காண்பவர் போலப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. அவர் வாய் கோணியது. அழுகை போல இருந்தது. மரியோ தலைகுனிந்து தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வான் வந்து நின்றது. கறுப்புக் கோட்டுப் போட்ட இருவர் தள்ளு கட்டிலோடு உள்ளே வந்து, துக்கம் விசாரித்து, வேலையைத் தொடங்கினார்கள். போர்வையை விலக்கியவர் கையைக் கண்டு தயங்கினார். இது இவருடைய பொருளா, இவரோடு போக வேண்டியதா என்று ஆங்கிலத்தில் பொதுவாகக் கேட்டார்.

பாலேஸ்வரி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டவரும் அவள் பார்த்த பக்கம் திரும்பினார். மரியோவும் நிமிர்ந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் சண்முகலிங்கத்தின் வாயைப் பார்த்தார்கள்.

"யெஸ்," என்றார் சண்முகலிங்கம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இட்ஸ் ஹிஸ்."

அவர்கள் கோணேஸ்வரனைத் தூக்கித் தள்ளு கட்டிலில் கிடத்தி, கறுப்புப் பையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து, பாலேஸ்வரி தலையாட்டியதும் மிச்சத்தையும் இழுத்தார்கள். வாசல் கதவு தானாகச் சாத்துகிற கதவு. சண்முகலிங்கம் எழுந்து போய், வெறும் சொக்ஸோடு பனியில் நின்று, அவர்கள் வெளியேறி முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். வான் போன பிறகும் அவர் உள்ளே வரவில்லை.

பாலேஸ்வரி கட்டிலின் பக்கம் சட்டென்று திரும்பினாள்.

"கேட்டியளே, அண்ணை என்ன சொன்னவர் எண்டு?"

முதுகு புண்ணாகாமல் இருக்க ஆஸ்பத்திரிக்காரர் போட்டுவிட்ட காற்று மெத்தையை ஒருவரும் நிறுத்தியிருக்கவில்லை. அது இடப்பக்கம் உப்பி, வலப்பக்கம் தாழ்ந்து, கொஞ்சம் பொறுத்து வலப்பக்கம் உப்பி, ஆளில்லாத கட்டிலில் தன்பாட்டில் புரண்டு கொடுத்துக்கொண்டிருந்தது.