மறைவுப் பக்கம்

சீமுக்கும் அவன் தம்பி பெண்டாட்டி லம்மிக்கும் பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு சொல்லின் மேல் சண்டை. சொத்துச் சண்டை என்றால் வக்கீல் வைத்துத் தீர்க்கலாம். சொல்லுக்கு யார் தீர்ப்புச் சொல்வது?

அந்தச் சொல் "மறைவுப் பக்கம்". செடி வளர்க்கிற கண்ணாடிக் குடிலின் கூரை முகடு முகடாகப் போகும். ஒவ்வொரு முகட்டுக்கும் இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. கடலுக்குப் பக்கத்து டி லீர் ஊரில், அவர்கள் தக்காளிக் குடிலில் ஒரு பக்கத்து ஜன்னல்கள் வடகிழக்கைப் பார்க்கும், மறுபக்கம் தென்மேற்கைப் பார்க்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அது காற்றுப் பக்கம், காற்று படாதது மறைவுப் பக்கம். உள்ளே சூடு ஏறினால் முதலில் மறைவுப் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். காற்றுப் பக்கத்தைத் திறந்தால் குளிர் நேரே செடியின் தலையில் இறங்கும். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் அந்த ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காற்று கடலிலிருந்து, தென்மேற்கிலிருந்துதான் வரும். அதனால் மூன்று தலைமுறையாக வடகிழக்கு ஜன்னலுக்கு "மறைவுப் பக்கம்" என்பது பெயராகவே ஒட்டிக்கொண்டது. காற்று எங்கிருந்து அடித்தாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி, சீமுக்கு அதுதான் மறைவுப் பக்கம்.

லம்மி அந்த ஊர்க்காரி இல்லை. உள்நாட்டில் ட்ரெந்தெ பக்கத்து மணல்காட்டிலிருந்து, தோட்டக்கலைப் பட்டயத்தோடு, சீமின் தம்பி ப்ராமைக் கட்டிக்கொண்டு வந்தவள். குடிலின் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. சூடு, ஈரம், ஜன்னல், நிழல்திரை எல்லாம் அவள் விரல் நுனியில். அவளுக்கு மறைவுப் பக்கம் என்றால் காற்று படாத பக்கம். காற்று திரும்பினால் பெயரும் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அவள் சொன்னதுதான் சரி என்று அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கட்டிய புருஷன்கூட, ஒரு தடவை வாய் திறந்து சொன்னதில்லை.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. நாலு நாளாக வாடைக்காற்று எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் பகுதியில் வடகிழக்கு ஜன்னல்களைத் தூக்குகிற கியர்பாக்ஸ் எண்ணெய் கசிந்து, கீழே செடிகளின் மேல் கறுப்பாகச் சொட்டியது. அதை முதலில் கண்டுபிடித்ததே லம்மிதான். பத்து மணிக் காபிக்குக் கொட்டகையில் உட்கார்ந்தபோது சொன்னாள்.

"மூணாம் பகுதியில வடகிழக்குக் கியர்பாக்ஸ் ஒழுகுது, சீம்."

"மறைவுப் பக்கம்னு சொல்லேன். வாய் வலிக்குமா?"

"இன்னிக்கு வாடை அடிக்குது. வடகிழக்கு இன்னிக்குக் காத்துப் பக்கம்."

சீம் பிஸ்கட் டப்பாவை மூடினான். ஆளுக்கு ஒரு பிஸ்கட் என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். எதிரே உட்கார்ந்திருந்த போலந்துப் பெண்களைப் பார்த்து, "கேட்டீங்களா? பத்தொன்பது வருஷமா இங்கயே மூச்சு விடுறா. இன்னும் காத்து எங்க அடிக்குதுன்னு பெட்டியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?" என்றான்.

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் வேலைக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் லம்மிக்கு முகம் காதுவரை சுட்டது. இத்தனைக்கும் சீம் கெட்டவன் இல்லை. அவளுக்கு நிமோனியா வந்த வருஷம் இரண்டு மாதம் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தவன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பத்தே முக்காலுக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. சீம் தூக்கு வண்டியில் ஐந்து மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"லம்மி, மறைவுப் பக்கத்தை நிறுத்து. கியர்பாக்ஸைப் பாக்கப் போறேன்."

முறைப்படி அவனே கீழே மின்பெட்டியில் மோட்டாரை அணைத்துப் பூட்டிவிட்டு ஏறியிருக்க வேண்டும். மின்பெட்டி முப்பதடி தள்ளி, நடைபாதையில் இருந்தது. ஏறிய வண்டியை யார் இறக்குவார்கள் என்று வாக்கி டாக்கியிலேயே சொல்லி நிறுத்துவது அங்கே எல்லாருக்கும் வழக்கம்.

லம்மி கொட்டகையில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். காற்று: வடகிழக்கு. ஒழுகுகிற கியர்பாக்ஸ் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். அவன் எதைச் சொல்கிறான் என்றும் தெரியும். ஒரு துளி சந்தேகமில்லை. இருந்தும் கேட்டாள்.

"மறைவுப் பக்கமா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"மறைவுப் பக்கம்தான் தாயே! எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

"வேணாம். மறைவுப் பக்கம் நிறுத்தியாச்சு."

தென்மேற்கை நிறுத்தினாள்.

ஐயோ, அவள் அவனைக் கொல்ல நினைத்தாள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சீமுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிலும் கை வைப்பதற்கு முன், "ஒரு தரம் ஓட்டிப் பாரு," என்பான். அவள் பொத்தானை அழுத்துவாள், மோட்டார் அசையாது, அப்புறம்தான் கை வைப்பான். இன்றைக்கும் கேட்பான், அவள் அழுத்துவாள், மோட்டார் உர்ரென்று ஓடும், சீம் கத்துவான். அப்போது சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்தாள்: "காத்து வாடை, சீம். மறைவுப் பக்கம் எதுன்னு இப்பப் புரிஞ்சுதா?" வாக்கி டாக்கியில் சொன்னால் எல்லாருக்கும் கேட்கும். போலந்துப் பெண்களுக்கும் கேட்கும். அவள் இன்னொரு காபி ஊற்றிக்கொண்டு, வாக்கி டாக்கியை மேஜை மேல் நிறுத்தி, அதையே பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தாள்.

குளிருக்கு அவசரமோ என்னவோ, அன்றைக்கு சீம் ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

மேகம் விலகி வெயில் கண்ணாடியில் இறங்கியது. உள்ளே சூடு இருபத்திரண்டு ஆனது. கம்ப்யூட்டர் தென்மேற்கைத் திறக்கச் சொன்னது, அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இருபத்திநாலு, இருபத்தைந்து. மறைவுப் பக்கம் திறந்தும் சூடு இறங்காவிட்டால் காற்றுப் பக்கத்தையும் கொஞ்சம் திற என்பது அதற்குச் சொல்லிவைத்த கட்டளை. அந்தக் கட்டளையை எழுதியவளும் லம்மிதான். வடகிழக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. திரையின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சதவீதம் ஏறியது. அவள் பார்வை வாக்கி டாக்கியின் மேலேயே இருந்தது.

கியர்பாக்ஸின் வேலையே வேகத்தை வாங்கிக்கொண்டு பலமாகத் திருப்பிக் கொடுப்பதுதான். பறக்கிற மோட்டாரை நிமிஷத்துக்கு மூன்று சுற்றாக அடக்கி, அந்த மூன்று சுற்றில் ஒரு வரிசை ஜன்னலையும் கண்ணாடியோடு தூக்கிவிடும். அதிலிருந்து நீளமாகப் போகிற இரும்புத் தண்டு செக்கைவிட மெதுவாகச் சுற்றும், சத்தமே வராது. குனிந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த சீமின் கம்பளிக் கழுத்துத்துண்டின் ஒரு முனை அந்தத் தண்டின் மேல் கிடந்தது. ஒரு சுற்றுக்கு இருபது விநாடி. அத்தனை நேரம் இருந்தது அவனுக்கு. ஆனால் கழுத்தில் சுற்றியது இறுகத் தொடங்கியபின் கத்துவதற்குக் குரல் இல்லை, வாக்கி டாக்கி வண்டியின் மறு ஓரத்தில் தொங்கியது.

டனூட்டா என்ற போலந்துப் பெண் காலி வண்டி தள்ளிக்கொண்டு வந்தவள் மேலே பார்த்து அலறினாள். அலறல் கொட்டகை வரை கேட்டது. லம்மி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடினாள். தண்டு நின்றது, ஆனால் தளரவில்லை. அந்த மாதிரிக் கியர்பாக்ஸில் மோட்டார் தண்டைச் சுற்றும், தண்டு மோட்டாரைச் சுற்றாது. புயல் ஜன்னலைப் பிடித்து இழுத்தாலும் பின்வாங்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். டனூட்டா இலை வெட்டும் கத்தியோடு தூக்கு வண்டியின் சட்டத்தைப் பிடித்து ஏறி, துண்டை அறுத்தாள். சீம் அவள் மேலேயே சரிந்தான். அப்போதே எல்லாம் முடிந்திருந்தது.

தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி மறுநாள் வந்தார். மரியாதையான மனிதர். பேனாவைக்கூட மெதுவாகத்தான் மூடினார்.

"அவர் சரியா என்ன சொன்னாருங்க?"

"மறைவுப் பக்கத்தை நிறுத்தச் சொன்னார்."

"நேத்துக் காத்து?"

"வடகிழக்கு."

"அப்ப நீங்க செஞ்சதுதானே முறை. திரும்பவும் கேட்டிருக்கீங்க, வாக்கி டாக்கியில எல்லாரும் கேட்டிருக்காங்க. இதுக்கு மேல ஒருத்தர் என்ன செய்ய முடியும்?"

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்தவர் முந்தின நாள் பதிவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். எதையுமே நிறுத்தாமல் விட்டிருந்தால் தென்மேற்கு திறந்து சூடு இறங்கியிருக்கும், அந்தக் குளிரில் வடகிழக்கு நாள் முழுக்க அசைந்திருக்காது என்றார். அவர் தொழிலுக்கு அது ஒரு விவரம். தென்மேற்கை நிறுத்தியதிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்தியதுவரை, அவள் வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது பதினோரு நிமிஷம் என்பதும் அதே வரைபடத்தில் இருந்தது.

அன்று வீட்டில் ப்ராம் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒழுகுறது எந்தப் பக்கம்னு நீதானே முதல்ல சொன்ன?" என்றான்.

லம்மி வாயைத் திறந்தாள்.

"சொல்லாத," என்றான் ப்ராம். "எனக்குப் பதில் வேணாம். யாருக்கும் வேணாம். அண்ணன் பசங்க நம்மகூடத்தான் வேலை செய்யணும்." எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு பேருக்கும் தெரிந்தது அப்படியே நடுவில் கிடந்தது.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் சீமின் மனைவி கோரி கொட்டகைக்கு வந்தாள். எப்போதும் கணீரென்று பேசுகிறவள். இப்போது கோட்டைக்கூடக் கழற்றாமல், சீம் உட்காருகிற நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். கேட்கத்தான் வந்திருக்கிறாள், கேட்டால் சொல்லிவிடுவது என்று லம்மி தீர்மானித்தாள். பத்து நாளும் தூங்காமல் அவள் சேர்த்து வைத்திருந்தது அந்தத் தீர்மானம் ஒன்றைத்தான்.

கோரி கேட்கவில்லை.

"உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும் லம்மி. நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு. அந்தத் துண்டு வேணாம்னுதான் சொன்னார். வேலை செய்யிற இடத்துல தொங்கக் கூடாதுன்னு கொக்கியிலயே மாட்டிட்டுப் போனார். நான்தான் வாசல்வரைக்கும் ஓடிப்போய், வாடை அடிக்குது, உனக்கென்ன வாலிப வயசான்னு கழுத்துல சுத்தி முடிச்சுப் போட்டு அனுப்பினேன்."

"கோரி..."

"நான்தான் கொன்னுட்டேன்."

"இல்ல கோரி. கேளு. அவர் எந்தப் பக்கம் சொன்னார்னு எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

கோரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"என் பாரத்தை நீ வாங்கிக்கப் பாக்குற. வேணாம்மா. அதிகாரி எல்லாத்தையும் சொல்லிட்டார். நீ செஞ்சதுதான் முறை. தப்பான பேரைச் சொன்னது அவர்தான். பசங்ககிட்டயும் சொல்லிட்டேன், இனிமே இந்தத் தோட்டத்துல சித்தி சொல்றதுதான் பேர்னு. இத்தனை வருஷமா நீ சொன்னதுதான் சரி."

கேட்டாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் வாயிலிருந்து, பத்தொன்பது வருஷம் கழித்து. இன்னும் ஒரே வாக்கியம் பாக்கி இருந்தது: நான் இங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் கோரி நம்புவாள், கோரியின் கழுத்தில் கிடக்கிற சுமை இறங்கிவிடும். லம்மி மூச்சை இழுத்தாள். கோரியின் கை சூடாக, இறுக்கமாக அவள் கையைப் பிடித்திருந்தது. இந்த ஊரில் அவள் கையை இப்படி யாரும் பிடித்ததில்லை.

"நீ கிட்ட இருந்து பாத்தியே," என்றாள் கோரி. "முடிச்சு ரொம்ப இறுக்கமா இருந்துச்சா?"

"தெரியலை கோரி," என்றாள் லம்மி.

கோரி மெதுவாகத் தலையாட்டினாள்.

"இருந்திருக்கும்," என்றாள். "நான் எப்பவும் இறுக்கித்தான் போடுவேன்."