எல்லாரும் தூங்கிய மத்தியானம்

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைதான். இந்தப் பக்கம் விளக்கும் கேமராவும், அந்தப் பக்கம் அடுப்பும் தொட்டிலும். குடும்பப் படம் மட்டுமே எடுப்பது என்று படக்காரியும் அவள் கணவனும் சேர்ந்து தொடங்கிய ஸ்டூடியோ அது. "நம்ம பிள்ளைங்களப் பாத்துக்கிட்டே செய்யலாம்ல" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள்தான் கடையைப் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஐந்து வயதுப் பெரியவள், வருகிறவர்களை "காலை ஆட்டாதீங்க, சிரிங்க, போதும், பல்லு தெரியுது" என்று மிரட்டுவாள். அவளுக்கு முதலாளி என்றே பேராகிவிட்டது. சின்னவளுக்குப் பல் முளைக்கிற காலம். அந்த வீட்டில் பொட்டுத் தூக்கம் கிடைத்துப் பல நாளாயிற்று. படக்காரிக்குச் சில நேரம் நிற்கிறோமா நடக்கிறோமா என்றே தெரியாது. தரை கொஞ்சம் மிதப்பதுபோல இருக்கும்.

அன்று விடாத மழை. சட்டம் போட்ட படங்களைக் கொடுத்துவரக் கணவன் வெளியே போயிருந்தான். ஒரு இளம் தம்பதி ஆளுக்கொரு கைக்குழந்தையோடு நனைந்தபடி உள்ளே வந்தார்கள். இரட்டையர். இரண்டும் வீறிட்டுக்கொண்டிருந்தன.

"முறை வெச்சு அழுவாங்கங்க. இன்னைக்கு என்னவோ கூட்டணி" என்றான் அந்த அப்பா.

சுவரில் படக்காரியின் கணவன் வரைந்த வானம் இருந்தது. மேகங்கள் தலையணை மாதிரி வந்துவிட்டன என்று அவனுக்கு ஒரு குறை. அந்த வானத்தின் கீழே கிடந்த சோபாவில் அவர்களை உட்காரச் சொன்னாள். விளக்கைத் திருப்பும்போதே திரைக்கு அந்தப் பக்கம் சின்னவள் எழுந்துகொண்டாள்.

"ஒரு நிமிஷங்க, இதோ வந்துடறேன்."

தொட்டிலருகே நின்று, சின்னவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் ஏதோ முனகினாள். பாட்டு என்று சொல்ல முடியாது. அந்த முனகல் மழையோடு கலந்து திரையைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து அழுகை தேய்ந்து அடங்கியது.

குழந்தையோடு வந்து பார்த்தால் சோபாவில் நாலு பேரும் தூங்கிப் போயிருந்தார்கள். அப்பாவின் தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தது. அம்மாவின் கன்னம் அவன் தோளில். குழந்தைகள் மார்பில் பூனைக்குட்டிகள்போல ஒட்டிக்கிடந்தன. முதலாளி உதட்டில் விரல் வைத்து நின்றாள்.

"எழுப்பட்டுமா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"வேண்டாம்மா. பாவம்."

படக்காரி கதவைத் தாழிட்டாள். பெரிய விளக்கை அணைத்தாள். ஜன்னல் வெளிச்சம் மட்டும் தண்ணீர்போல அவர்கள்மேல் அசைந்தது. ஒரே ஒரு படம் எடுத்தாள். பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். முதலாளி வந்து மடியில் தலை வைத்தாள். அறை மெல்ல நகர்வதுபோல இருந்தது. சுவர்மேகங்கள் கூரைவரை ஏறி, சோபாவைச் சுமந்துகொண்டு எங்கோ போயின. போகட்டும் என்று கண்ணை மூடினாள்.

விழித்தபோது மழை தூறலாகியிருந்தது. தோள் லேசாக இருந்தது. திடுக்கிட்டுத் தேடினாள். சின்னவள் அந்த அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரட்டையர் சோபாவில் இன்னும் தூக்கம்.

"உங்க தோள்லேர்ந்து சரிஞ்சுட்டா. தூக்கிக்கிட்டேன்" என்றாள் அவள். "உங்கள எழுப்ப மனசு வரல. தூங்கி ரொம்ப நாளாச்சோ?"

"ஆச்சு" என்றாள் படக்காரி. அதைச் சொன்னதும் ஏனோ கண் கலங்கியது. அந்த அம்மா பார்க்காததுபோல வளையலைச் சரிசெய்தாள்.

எடுத்த படத்தைக் காட்டியபோது அப்பாவுக்கு வெட்கம். "வாய் குகை மாதிரி இருக்கு. இதை அழிச்சிடுங்க."

"அழிக்காதீங்க" என்றாள் மனைவி. "எங்க வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல தூங்கினதுக்கு வேற சாட்சியே கிடையாது. இதையே பெருசாப் போட்டுக் கொடுங்க."

கண் திறந்தும் ஒன்று எடுத்தார்கள். அதில் எல்லாரும் யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போனவர்கள்போல இருந்தார்கள்.

கதவைத் திறந்தால் வாசலில் கணவன், பாதி நனைந்து, படிக்கட்டில் குந்தியிருந்தான்.

"தட்டியிருக்கலாமே?"

"கண்ணாடி வழியா பாத்தேன். மொத்தக் கடையும் குறட்டை விட்டுச்சு. படம் எடுக்க வந்த வேற ரெண்டு பேரையும் நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அந்தக் குடும்பம் போனபின் அவன் தலையைத் துவட்டிவிட்டபடியே படக்காரி கேட்டாள். "தினமும் மத்தியானம் கொஞ்சம் கடையைச் சாத்திடலாமா?"

"மழையில உக்காந்திருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றான். "முதலாளியக் கேட்டுக்கலாம்."

முதலாளி மடியிலிருந்து நழுவிய இடத்திலேயே தரையில் சுருண்டு கிடந்தாள். இருவரும் அவள் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டார்கள்.